வால்பாறை இறக்கமும் பழைய ஸ்கார்ப்பியோவின் பிரேக் பேடும்

கேள்வி: வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 2010 மாடல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, எம்ஹாக் டீசல் எஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வகை. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குடும்பத்தோடு அடிக்கடி பொள்ளாச்சிக்கு இறங்குவேன். முன்சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். கடையில் பெயர் தெரியாத பேடு ஒன்றும், அதைப்போல் இரண்டரை மடங்கு விலையில் கம்பெனி பேடும் காட்டினார்கள். அதைவிடவும் விலை கூடிய வெளிநாட்டு செராமிக் பேடு ஒன்றை என் மகன் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். எதைப் போடலாம்? மலை இறங்கும்போது பாதி வழிக்குமேல் பிரேக் பெடல் இளகிக் கொஞ்சம் உள்ளே போகிறது. ஆழியாற்றில் நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் சரியாகிவிடுகிறது. காலை நேரத்தில் கீச்சென்று சத்தமும் வருகிறது. பேடு மாற்றினால் இவையும் தீருமா? பின்னாலும் டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்கிறான் மகன். அது சரியா?

பதில்: வணக்கம். பேடு பற்றிய பதில் சிறியது. கம்பெனி பேடை வாங்குங்கள். இல்லையென்றால், வண்டித் தொழிற்சாலைகளுக்கே பிரேக் பொருள் கொடுக்கும் தயாரிப்பாளர் ஒருவர் உங்கள் மாடலுக்கென்று வெளியிட்டிருக்கும் பேடை வாங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெடலைக் கவனிக்க வேண்டும். அது பேடு மாற்றினால் போகிற கோளாறு அல்ல. புதிய பேடு போட்ட தைரியத்தில் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கினீர்கள் என்றால் அது கூடத்தான் செய்யும். அதைச் சரிசெய்யாமல் அடுத்த முறை மலை இறங்காதீர்கள்.

இறக்கத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்றில் பெடல் இறுக்கமாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டிதான் நிற்காது. இது பேடு சூடேறுவதால் வருவது. பேடில் உள்ள உராய்வுப் பொருளைச் சேர்த்துக் கட்டியிருப்பது பெரும்பாலும் பீனாலிக் பிசின். தாங்கும் அளவுக்கு மேல் சூடானால் அது வாயுவைக் கக்கும், பிடிப்பு குறையும். இன்னொன்றில் பெடலே இளகி உள்ளே போகும். இது பிரேக் ஆயில் கொதிப்பதால் வருவது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் குழாய் வழியாக, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கும் கேலிப்பருக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டால், உங்கள் மிதி அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும், பெடலும் பழையபடி நிற்கும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இந்த இரண்டாவதற்கே அச்சாகப் பொருந்துகிறது.

(மூன்றாவது ஒன்றும் உண்டு. வண்டி ஓடாமல் நிற்கும்போது, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் பெடலின் அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போய்விட்டது, அல்லது எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அப்படியானால் பேடு பேச்சையே ஒத்திவைத்துவிட்டு அதைப் பாருங்கள்.)

ஆயில் ஏன் கொதிக்கிறது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. உங்கள் ஊரோ தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாற்றுக்குப் பக்கத்து ஊர். சமவெளியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வேன். உங்களுக்கு ஆண்டுதோறும், மழைக்காலம் முடிந்ததும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. டப்பாவில் குறைந்தால் ஊற்றி நிரப்பியதோடு சரி என்றிருந்தால், உள்ளே இருப்பது கறுத்த காப்பி நிறத்தில் இருக்கும். அதை முழுவதும் வெளியேற்றிவிட்டு, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), புதிய டாட் 4 நிரப்பச் சொல்லுங்கள். மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று ஒன்று உண்டு. அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை, கடைக்காரர்களே குழம்புகிறார்கள். மூடியைத் திறக்காத சிறிய டப்பாவாக வாங்குங்கள். பாதி மீந்து அலமாரியில் கிடந்த ஆயில் வேண்டாம்.

இறக்கத்தில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று ஒரு சிறு கணக்கு. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். ஆழியாறு அணை ஆயிரம் அடியைச் சற்றுத் தாண்டும். ஆட்களும் சாமான்களுமாக உங்கள் வண்டி சுமார் 2,400 கிலோ. அந்த எடையை அந்த உயரத்திலிருந்து கீழே கொண்டுவரும்போது கழித்தாக வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஐந்து யூனிட் மின்சாரம். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்: எஞ்சின், காற்று, டயர், பிரேக். எஞ்சின் வாங்காததையெல்லாம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்தான் வாங்குகிறது. அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. எந்தப் பேடும் இந்த வெப்பத்தைக் குறைக்காது. ஓட்டுநர்தான் குறைக்க முடியும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பேடு. உங்கள் வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதே முன் டிஸ்க்குக்கும் பின் டிரம்முக்கும் இடையே ஒரு பங்கீடு கணக்கிடப்பட்டிருக்கிறது. முன்பேடின் உராய்வு இவ்வளவு, பின் டிரம்முக்குள் உரசும் லைனரின் உராய்வு இவ்வளவு என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நீங்கள் முன்பக்கம் மட்டும் மிகக் கூர்மையாகப் பிடிக்கும் பேடு போட்டால், மழை ஈரத்தில், வளைவில், முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரம் ஸ்டீயரிங்கைக் கேட்காது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இது அற்ப விஷயமல்ல. மாறாக, பிடிப்புக் குறைந்த மலிவான பேடு போட்டால் ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் அந்தப் பழக்கத்தோடு பின்சக்கரம் முந்திக்கொண்டு வழுக்கும். ஆகவே பழைய வண்டிக்குப் பேடு தேடும்போது நான் கேட்பது, ‘எது சிறந்தது’ என்றல்ல. முதலில் இருந்ததற்கு எது மிக அருகில் வருகிறது என்றுதான்.

ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஐ.நா. வாகன விதிகளில் 90-ஆம் விதி என்று ஒன்று உண்டு. அசல் பேடின் செயல்திறனிலிருந்து மாற்றுப் பேடு 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சோதனையில் தேறிய பேடின் பின்தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், அதையடுத்து 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்கும். ஈ1 என்றால் ஜெர்மனி, ஈ11 என்றால் பிரிட்டன். உங்கள் மகன் பார்த்து வைத்திருக்கும் பேடில் இந்த முத்திரை இருக்கிறதா, இருந்தால் அது உங்கள் மாடலுக்கென்று வாங்கியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலட்டையில் ‘செராமிக்’ என்று எழுதியிருப்பதற்கு அப்படியொரு காவல் கிடையாது. கொஞ்சம் செராமிக் நார் கலந்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள்.

நல்ல செராமிக் பேடு மோசமானதல்ல. சத்தம் குறைவு, சக்கரத்தில் கருந்தூசி படியாது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. நகரத்துக் காருக்கு நானே போடச் சொல்வேன். ஆனால் இரண்டரை டன் அருகே எடையுள்ள வண்டி, பாரத்தோடு, ஒரே இறக்கத்தில் பல கிலோமீட்டர் போவதற்கு உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக் வகைதான் பழக்கப்பட்ட வழி. அதிக வெப்பத்திலும் பிடிப்பை விடாமல் வைத்துக்கொள்ளும். பதிலுக்குக் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் தூசி, டிஸ்க் சற்றுச் சீக்கிரம் தேயும். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கேலிப்பருக்கும் ஆயிலுக்கும் கூடுதலாகச் சூடு போகும். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு இந்தப் பேடைப் போட்டால் பெடல் இன்னும் சீக்கிரம் இளகும். வெறும் ஆர்கானிக் வகை மென்மையானது, சத்தமில்லாதது, ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும். மலை இறங்காத வண்டிக்கு அது போதும்.

பேடின் விளிம்பில் நீளமாக ஒரு எண் தொடர் அடித்திருப்பார்கள். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: எஃப்எஃப், ஜிஜி, எஃப்ஈ என்பது போல. அது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் குறியீடு. முதல் எழுத்து குறைந்த வெப்பத்தில் உள்ள உராய்வு, இரண்டாவது அதிக வெப்பத்தில் உள்ள உராய்வு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்ஈ என்று இருந்தால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது என்று பொருள். மலைக்கு அது வேண்டாம். எஃப்எஃப் சாதாரணமானது, நம்பகமானது. ஜிஜி என்பது எஃப்எஃப்-ஐவிட ‘உயர்தரம்’ என்று கடையில் சொல்வார்கள். அந்த எழுத்துகள் பிடிப்பைத்தான் சொல்கின்றன. எத்தனை நாள் உழைக்கும், டிஸ்க்கை எவ்வளவு அறுக்கும் என்பதைச் சொல்வதில்லை. உங்கள் பழைய பேடில் அந்த எழுத்துகள் அழியாமல் இருந்தால் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெயர் தெரியாத அந்தப் பேடைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. விலை குறைவது உராய்வுப் பொருளில் மட்டுமல்ல, அதைப் பின்தகட்டோடு ஒட்டும் வேலையிலும்தான். உங்கள் ஊர் ஈரத்தில் தகடு துருப்பிடித்து, துரு உப்பி, உராய்வுப் பொருளை அப்படியே பெயர்த்துத் தள்ளிவிடும். ஒருநாள் காலையில் பிரேக் மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசும். தவிர, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அட்டையில் தெளிவாக எழுதாத பேடை என் பட்டறையில் பிரிக்கவே விடமாட்டேன். அந்தத் தூளை மூச்சில் இழுக்கப் போவது நீங்கள் அல்ல, மெக்கானிக்.

நமக்கு ஒரு வசதி, உராய்வுப் பொருள் தொழிலில் சென்னை பழைய ஊர். பிரேக்ஸ் இந்தியா, ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை 1960-களிலும் 70-களிலும் அங்கே தொடங்கப்பட்டவை. இத்தகைய தயாரிப்பாளர்களின் கேடலாக்கில் உங்கள் மாடலுக்கு எண் இருந்தால், கம்பெனிப் பெட்டிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல பெயருக்குத்தான் போலியும் உண்டு. நிறுவனத்தின் நேரடி விநியோகஸ்தரிடம் ரசீதோடு வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் பின்தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, நான்கு பேடும் ஒரே தொகுதி எண்ணா, விளிம்பு பொடியாக உதிர்கிறதா, தகட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள்.

‘ஸ்கார்ப்பியோ பேடு’ என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 2002-இல் 2.6 லிட்டர் எஞ்சினோடு வந்த வண்டிக்கும், பிறகு வந்த 2.2 எம்ஹாக்குக்கும், 2014-இல் புதிய சேஸிஸில் வந்ததற்கும் பெயர் ஒன்றே. இணையத்தில் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருப்பதை நம்புவதைவிட, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேடைக் கழற்றிக் கொண்டுபோய் மேலே வைத்துப் பார்ப்பது அதைவிட உத்தமம்.

பழைய பேடைக் கழற்றும்போது நீங்களும் கூட நில்லுங்கள். ஒரே சக்கரத்தின் உள்பேடும் வெளிப்பேடும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று பாதி இருக்க, மற்றொன்று தகடுவரை போயிருந்தால் கேலிப்பர் சறுக்கி நகர உதவும் ‘பின்’ என்ற கம்பி இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பி வருவதில்லை. அதைச் சரிசெய்யாமல் தங்கத்தில் பேடு போட்டாலும் ஒன்றுதான். பிரேக் விடாமல் உரசி உரசிச் சூடேறும். ஆயில் கொதிப்பதற்கு இதுவே பாதிக் காரணமாகக்கூட இருக்கலாம். பின்களைத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை உப்ப வைத்துவிடும். பிஸ்டனின் தூசி உறை கிழிந்திருந்தால் ரிப்பேர் கிட் போடுங்கள், விலை ஒன்றுமில்லை. பதினைந்து வயதான ரப்பர் ஹோஸ்களை நான் கேட்காமலே மாற்றிவிடுவேன்.

டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேல் போதிய மிச்சம் இருந்தால் மட்டும் லேத்தில் கொடுத்துச் சீவலாம். எல்லையை நெருங்கியிருந்தால் சீவாமல் இரண்டு டிஸ்க்கையும் புதிதாகப் போடுங்கள். மெல்லிய டிஸ்க் வெப்பத்தைத் தேக்கிவைக்க இடமில்லாமல் பேடுக்கும் ஆயிலுக்கும் தள்ளிவிடும். பேடு எப்போதும் இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ‘இடது நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற சிக்கனம் வேண்டாம். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுவது அறவே கூடாது.

பின் டிரம்மைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். முன்பேடு சீக்கிரம் தேய்கிறது என்று வருகிற வண்டிகள் பலவற்றில் பின் லைனர் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கும், அல்லது அட்ஜஸ்ட் செய்யாமல் டிரம்மைத் தொடாமலே இருக்கும். லைனரை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டர் ஒழுகி லைனரில் ஆயில் படிந்திருப்பதும் உண்டு. பின்பக்கம் செய்யாத வேலையை முன்பேடு செய்துகொண்டிருக்கிறது.

காலைச் சத்தம் பெரிதல்ல. இரவு ஈரத்தில் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். நாலைந்து முறை பிரேக் மிதித்ததும் போய்விடும். நாள் முழுவதும் கீச்சிட்டால் பேடின் தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறதென்று அர்த்தம். புதிய பேடு போட்ட பிறகும் சத்தம் வந்தால், பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஷிம் தகட்டை மெக்கானிக் போடாமல் விட்டாரா என்று கேளுங்கள்.

புதிய பேடு போட்டதும் மலை இறங்கக் கூடாது. பெடல் கோளாறை மேலேயே சரிசெய்துகொண்டு இறங்கி, பேடு வேலையைப் பொள்ளாச்சியில் முடித்து, சமவெளியில், பின்னால் வண்டி இல்லாத சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினைந்துக்கு நிதானமாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். இடையில் ஆறவிட்டுப் பத்துமுறை இப்படிச் செய்தால் பேடின் முகம் டிஸ்க்கோடு படிந்துவிடும். அடுத்த இருநூறு முந்நூறு கிலோமீட்டர் முரட்டுப் பிரேக் வேண்டாம். திரும்புவது ஏற்றம் என்பதால் உங்களுக்கு அதுவே வசதி.

இறங்கும்போது, அந்த வளைவுகளை எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியர், பெரும்பாலும் இரண்டாவது. பெடலில் லேசாகக் காலை வைத்தபடியே இறங்குவதுதான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ எஞ்சினை அணைப்பதோ கூடாது. உங்கள் மிதிக்கு வலுக்கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சின் ஓட்டும் பம்ப் தருகிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குமேல் பெடல் கட்டையாகிவிடும். கீழே போய் நிறுத்தியதும் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் மலையோரக் கடைகளில் இருக்கிறது. டிஸ்க் வெடிக்கவும் கோணவும் அதைவிடச் சுலபமான வழி இல்லை. சமதளத்தில் நிறுத்தி, பெடலை விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

மகனுடைய யோசனைக்கு வருகிறேன். பின்னால் டிஸ்க் மாற்றுவது ஒரு கேலிப்பரைத் தொங்கவிடுகிற வேலை அல்ல. மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவு, முன்னே பின்னே பங்கீடு, கைப்பிரேக் எல்லாமே மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை விலக்கும் மாற்றங்களை அனுமதிப்பதில்லை; விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும். நல்ல நிலையில் உள்ள டிரம் இந்த வண்டிக்குப் போதும். அந்தப் பணத்தில் பின்னால் புதிய லைனர், இரண்டு வீல் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் ஆயில், முன்னால் நல்ல பேடு எல்லாம் போட்டுவிடலாம். டிஸ்க் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தாலும் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும்.